பெயரைத் தட்டினால் வரும் வழக்கு



இந்த மேடையில் சட்டத்தையும் தொழில் வாழ்க்கையையும் சேர்த்து எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள். வக்கீலுக்கு அப்படி அனுமதி கொடுப்பது ஆபத்து. ஆனாலும் ஒரே விஷயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒருவர் மேல் என்றோ ஒரு வழக்கு இருந்தது. அது முடிந்தும் போயிற்று. இன்று அவர் பெயரைக் கூகுளில் தட்டினால் அந்த வழக்குத்தான் முதலில் வந்து நிற்கிறது. அவர் மருத்துவராக இருக்கலாம், ஆடிட்டராக, ஆசிரியராக, கட்டடப் பொறியாளராக இருக்கலாம். பெயரை வைத்துப் பிழைப்பவர். அவருக்குச் சட்டம் என்ன செய்யும்? அவரே என்ன செய்துகொள்ளலாம்?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு ஊருக்குச் சொந்தம், அதை அழிக்கக் கூடாது. ஆனால் குற்றமற்றவர் என்று நீதிமன்றமே சொல்லி அனுப்பிய ஒருவரின் பெயரைத் தட்டினால் அந்தத் தீர்ப்பு வந்து விழுந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தீர்ப்பு இருக்கட்டும், பெயரிலிருந்து அதற்குப் போகும் வழியை அடைக்கலாம் என்பதே என் வாதம்.

முன்பெல்லாம் அந்த வழி தானாகவே குறுகலாக இருந்தது. பழைய வழக்கு ஒன்றின் தீர்ப்பு வேண்டுமென்றால் நகல் மனுப் போட வேண்டும். வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் ஆள் என்றால், ஏன் கேட்கிறோம் என்று பிரமாணப் பத்திரமும் சேர்த்து நீதிபதியின் உத்தரவு வாங்க வேண்டும். பிறகு ரெக்கார்டு ரூமில் கட்டைத் தேடி எடுக்க ஒருவர், தட்டச்சு செய்ய ஒருவர், ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர். பக்கத்து வீட்டுக்காரனின் பழைய வழக்கைத் தெரிந்துகொள்ள இவ்வளவு பாடு பட யாருக்கும் பொழுது இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் இதைக் கவனித்தது. எஃப்.பி.ஐ. ஒருவரைப் பற்றித் தொகுத்து வைத்திருந்த குற்றப் பதிவுச் சுருக்கத்தைப் பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். அதிலுள்ள ஒவ்வொரு தகவலும் ஏதோ ஒரு ஊர்க் கோர்ட்டில் யாரும் பார்க்கத்தக்கதாகத்தான் இருந்தது. ஊர் ஊராகத் தேடிப் போனால் கிடைக்கும் தகவலும் ஒரே இடத்தில் தொகுத்துக் கொடுக்கும் தகவலும் ஒன்றல்ல என்று சொல்லி நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நம் ஊரில் நகல் விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. 2020 மார்ச்சில், குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில், நீதிபதி ஆர். பானுமதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அதை உறுதி செய்தது. மூன்றாம் நபருக்கு நகல் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக வர முடியாது, நீதிமன்ற விதிப்படி காரணம் சொல்லி மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்றது. ஆக, முத்திரை குத்திய நகலுக்குக் காரணம் வேண்டும். அதே வாசகத்தைப் பேருந்தில் உட்கார்ந்து கைப்பேசியில் படிக்க எந்தக் காரணமும் வேண்டாம்.

இ-கோர்ட்ஸ் திட்டம் 2007இல் தொடங்கியது. அதன் மூன்றாம் கட்டத்துக்கு 2023இல் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2008இல் சுஷாந்த் சின்ஹா என்ற கணினிப் பொறியாளர் 'இந்தியன் கானூன்' தளத்தைத் தொடங்கினார். இவை இரண்டையும் நான் குறை சொல்ல வரவில்லை. தாலுகா கோர்ட்டில் வாதாடும் ஏழை வக்கீலுக்கும் டெல்லியின் பெரிய வக்கீலுக்கும் ஒரே நூலகத்தைக் கொடுத்தது அந்தத் தளம். நானும் அதைப் பார்க்காமல் ஒரு மனுகூட எழுதுவதில்லை. திறந்து வைத்தது முதலில் குற்றம் சாட்டப்பட்டவரின் நன்மைக்குத்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டதே, தன் மேல் என்ன புகார் என்று தெரிந்துகொள்ள ஒருவர் ஸ்டேஷன் வாசலில் நிற்கக் கூடாது என்பதற்காக.

வித்தியாசம் ஒரு தொழில்நுட்ப விஷயத்தில் இருக்கிறது. அரசின் இ-கோர்ட்ஸ் தளத்தில் தேட வேண்டுமானால் மாவட்டம், நீதிமன்றம், ஆண்டு எல்லாம் கொடுத்து, கோணல்மாணலாகத் தெரியும் எழுத்துகளைப் படித்து நிரப்ப வேண்டும். அந்த எழுத்துகளைத் தாண்டிக் கூகுளால் உள்ளே போக முடியாது. தனியார் தளத்தில் தீர்ப்பு வெறும் எழுத்தாக விரிந்து கிடக்கிறது, கூகுள் அதை முழுவதும் படித்துவிடுகிறது. அரசுத் தளத்தில் வழக்கைத் தேடிப் போகிறவருக்குப் பெயர் கிடைக்கிறது. கூகுளில் பெயரைத் தேடிப் போகிறவர் கையில் வழக்கு வந்து விழுகிறது.

என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் வரி ஆலோசகர். கூட்டாளியோடு தகராறு வந்து, கூட்டாளி மாவட்டக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தார். நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல் என்று எஃப்.ஐ.ஆர். விழுந்தது. முன்ஜாமீன் கேட்டு உயர் நீதிமன்றம் போனோம், கிடைத்தது. ஒன்றரைப் பக்க உத்தரவு. இப்படிப்பட்ட உத்தரவுகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. முதல் பத்தியில் குற்ற எண்ணும் பிரிவுகளும். இரண்டாவதில், 'அரசுத் தரப்பு வழக்கு என்னவென்றால்' என்று தொடங்கி, மனுதாரர் வாடிக்கையாளர் பணத்தைக் கையாடினார் என்று நீளமாக ஒரு கதை. மூன்றாவதில் நாங்கள் சொன்னது ஒரே வரி: மனுதாரர் நிரபராதி, பொய்யாகச் சிக்கவைக்கப்பட்டார். அப்புறம் நிபந்தனை, தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து.

ஜாமீன் மனுவில் குற்றம் நடந்ததா இல்லையா என்று எந்த நீதிபதியும் தீர்மானிப்பதில்லை. அங்கே பதிவாவது புகார் மட்டுமே. கொஞ்ச காலம் கழித்துப் போலீசாரே விசாரித்து 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' என்று வழக்கை முடித்தார்கள். அந்த முடிவு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு தாளாகப் போய்ச் சேர்ந்தது, இணையத்துக்கு வரவே இல்லை. வந்தது அந்த ஒன்றரைப் பக்கம். ஒரு நிறுவனம் உள்தணிக்கைக்கு அவரைப் பேசி முடித்துவிட்டு, திடீரென்று போனை எடுப்பதை நிறுத்தியது. அவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தன் பெயரைத் தட்டி, கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். மேலே அவர் பெயர், 'எதிர்' காவல் ஆய்வாளர், கீழே கறுத்த எழுத்தில் கையாடல். பத்திரிகையில் வந்திருந்தால் மறுப்புப் போடச் சொல்லலாம். இது நீதிமன்றத்தின் உத்தரவு, எழுத்துக்கு எழுத்து உண்மை. யாரிடம் போய் மறுப்புக் கேட்பது? அவதூறு நோட்டீஸ் விடலாமா என்றார். நீதிமன்ற நடவடிக்கையை உள்ளது உள்ளபடி வெளியிடுவது அவதூறு ஆகாது என்று சட்டத்திலேயே விதிவிலக்கு இருக்கிறது என்றேன்.

தமிழ்நாட்டில் இன்னொரு கூத்தும் சேர்ந்துகொள்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எஃப்.ஐ.ஆரில் 'செல்வம், வயது 38, த/பெ பெரியசாமி' என்று இருக்கும். வழக்குப் பட்டியலுக்கு வரும்போது வெறும் செல்வம். இனிஷியல் சில சமயம் முன்னால், சில சமயம் பின்னால், பல சமயம் எங்கேயோ விழுந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே சுப்பிரமணியன் நாலைந்து விதமாக வருவார். வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிக்காகப் பின்னணி சரிபார்க்கும் இளைஞர், விண்ணப்பித்தவரின் பெயரைக் கொடுத்துத் தேடினால், மாவட்டத்துச் செல்வங்கள் அத்தனை பேரும் வரிசையில் வருவார்கள். த/பெ என்ன என்று பார்க்க அவருக்குப் பொறுமை இருந்தால் சரி. இல்லையென்றால், வழக்கே இல்லாத செல்வத்தின் வேலையும் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கதை நம் ஊரில்தான் தொடங்குகிறது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை வெளியிட நக்கீரன் இதழ் முயன்றபோது, சிறை அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்புச் சொன்னது. தன்னைத் தனியே விடச் சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் பொதுப் பதிவேட்டில், நீதிமன்றப் பதிவு உட்பட, ஏறிவிட்ட விஷயத்துக்கு அந்த உரிமை பொருந்தாது. பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்களின் பெயருக்கு மட்டும் விலக்கு. அந்தக் காலத்தில் பதிவேடு என்றால் தூசி படிந்த கட்டு. பொதுப் பதிவேடு பற்றிய அந்த இரண்டாவது வரிதான் இன்றுவரை எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் ஆயுதம்.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், மறக்கப்படும் உரிமையைப் பற்றித் தனியாக எழுதினார். அதே ஆண்டு ஜனவரியில்தான், விடுதலையான ஒருவர் இந்த உரிமையைக் கேட்டதற்கு குஜராத் உயர் நீதிமன்றம் முடியாது என்றது. அதே மாதத்தில் கர்நாடக உயர் நீதிமன்றம், ஒரு பெண்ணின் பெயர் தேடலில் வராதபடி பார்த்துக்கொள்ளத் தன் பதிவகத்துக்கே உத்தரவிட்டது. 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தவர் ஓர் அமெரிக்கக் குடிமகன், இந்திய வம்சாவளி. போதைப்பொருள் வழக்கில் விடுதலையானவர். அமெரிக்காவில் சட்டம் படித்து முடித்தும் வேலை கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்பு தேடுபொறிகளில் தென்படாதபடி செய்ய இடைக்கால உத்தரவு கிடைத்தது. தீர்ப்பு அழிக்கப்படவில்லை, வழி மட்டும் அடைபட்டது என்பதைக் கவனியுங்கள்.

சென்னை வழக்கு இன்னும் சுவாரசியமானது. விசாரணை நீதிமன்றத்தில் பாலியல் வழக்கில் தண்டனை பெற்ற ஒருவரை 2014இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கச் சொல்லி அவர் வந்தார். அவர் பெயரை நான் இந்த மேடையில் சொல்லப் போவதில்லை, காரணம் உங்களுக்கே தெரியும். 2021 ஜூலையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கோரிக்கையில் நியாயம் இருப்பதாக முதல்நோக்கில் சொல்லி, வழக்கறிஞர்கள் எல்லாரும் வந்து வாதாடலாம் என்று அழைத்தார். ஆகஸ்ட் 3 அன்று மனுவைத் தள்ளுபடி செய்தார். நம் குற்றவியல் அமைப்பு இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை, தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரட்டும் என்பது அவர் பார்வை. 2024 பிப்ரவரி 27 அன்று நீதிபதிகள் அனிதா சுமந்த், ஆர். விஜயகுமார் அமர்வு அதைத் திருப்பிப் போட்டது. இந்தியன் கானூன் தளத்திலிருந்து தீர்ப்பை எடுக்க உத்தரவிட்டது. அந்தத் தளம் உச்ச நீதிமன்றம் போனது. ஜூலையில் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு இடைக்காலத் தடை விதித்து, கேள்வியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

என் மதிப்பீட்டில் சென்னையின் இரு நீதிபதி அமர்வு காட்டிய அக்கறை சரி, கொடுத்த மருந்து கொஞ்சம் அதிகம். பெயரை மறைத்திருந்தால் போதும். தீர்ப்பையே எடுக்கச் சொன்னதால்தான், நீதிமன்றத் தீர்ப்பைப் பொதுவிலிருந்து எப்படி நீக்குவது என்ற பெரிய ஆட்சேபம் எழுந்தது. 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த அளவோடு நின்றது. ரத்தாகிவிட்ட வழக்கில் ஒருவரின் பெயரை மறைத்து அடையாளக் குறியீடு போட அனுமதித்தது. கேரள உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் போட்ட எல்லையும் எனக்கு உடன்பாடே. நடந்துகொண்டிருக்கும் வழக்கில் இந்த உரிமையைக் கேட்க முடியாது, குடும்ப வழக்குகளில் பெயர் வெளிவரக் கூடாது என்றது அது.

சட்டம் வரட்டும் என்று காத்திருந்தோமே, வந்தது. 2023இன் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 12ஆம் பிரிவில் தரவை அழிக்கக் கேட்கும் உரிமை தருகிறது. 17ஆம் பிரிவில் நீதிமன்றங்களின் நீதிப் பணிக்கு அதிலிருந்து விலக்கும் தருகிறது. சட்டக் கடமையின்படி ஒருவர் பொதுவில் வைத்த தரவுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றம் வெளியிட்டதை எடுத்து மறுபடி வெளியிடும் தனியார் தளம் எந்தப் பக்கம் விழும் என்பதில் நீளமான வாதத்துக்கு இடமுண்டு. நம் தொழிலுக்கு நல்லது, கட்சிக்காரருக்குக் கெட்டது.

அப்படியானால் பாதிக்கப்பட்டவர் என்ன செய்வது? வேலை, வழக்கு முடிந்த பிறகு தொடங்குவதல்ல. உயர் நீதிமன்றத்தில் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கும் மனுவிலேயே, ரத்தானால் பெயரை மறைக்க வேண்டும் என்று ஒரு கோரிக்கையையும் சேர்த்துவிடுங்கள். தனியாகப் பிறகு போடும் ரிட் மனுவைவிட, வழக்கை முழுதாகப் படித்து வைத்திருக்கும் அதே நீதிபதியிடம் கேட்பது எளிது. இருதரப்பும் சமரசமானால் சமரசப் பத்திரத்தில் அதற்கு எதிர்த்தரப்பின் சம்மதத்தையும் வாங்கிவிடுங்கள். வழக்கு முடிந்தவுடன் சான்றிட்ட நகலை வாங்குங்கள். ஜெயித்த கட்சிக்காரர்கள் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், நகலுக்கு வருவதில்லை. பத்து வருடம் கழித்து விசாவுக்கோ வேலைக்கோ கேட்கும்போது கட்டு அழிக்கப்பட்டிருக்கும். சி.என்.ஆர். என்கிற 16 இலக்க எண்ணை வைத்து இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் வழக்கு 'முடிந்தது' என்று காட்டுகிறதா, எப்படி முடிந்தது என்றிருக்கிறதா என்று பாருங்கள். தவறாக இருந்தால் அந்த நீதிமன்ற அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் திருத்தலாம். அதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டாம்.

வேலை கொடுப்பவர் நேராகக் கேட்டால் மறைக்காதீர்கள். 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அரசு வேலைக்கான விண்ணப்பங்களைப் பற்றிப் பேசும்போது இதைத் தெளிவாக்கியது. கேட்ட கேள்விக்கு உண்மை சொல்ல வேண்டும். அற்ப வழக்கை மறைத்ததை மன்னிக்கலாம், ஆனால் மறைத்ததற்காகவே வேலையிலிருந்து நீக்கவும் அதிகாரம் உண்டு. வழக்கால் போகாத வேலை பொய்யால் போன கதைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கக் கடிதமும் அதோடு தீர்ப்பு நகலும் தயாராக வைத்திருங்கள். நேர்காணலில் அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

பணம் கொடுத்தால் எல்லாவற்றையும் துடைத்துத் தருகிறோம் என்று ஒரு கூட்டம் வரும். அவர்களை அண்ட விடாதீர்கள். 2023 பிப்ரவரியில் 'ஃபார்பிடன் ஸ்டோரீஸ்' பத்திரிகையாளர் கூட்டமைப்பு, எலிமினாலியா என்ற ஸ்பானிய நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியிட்டது. மற்றவர் எழுதியதைத் தங்கள் எழுத்து என்று பொய்யாகக் காப்புரிமைப் புகார் அனுப்பிப் பக்கங்களை மறைக்க வைக்கும் வித்தை அதில் அம்பலமானது. நேர்மையான வழக்கில் ஜெயித்தவர் இப்படி ஒரு பொய்யில் மாட்டிக்கொள்வது எவ்வளவு பரிதாபம்.

எல்லாருக்கும் இந்தத் திரை கிடைக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தேர்தலில் நிற்பவர் தன் மேல் உள்ள குற்ற வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதுவது நாம் போராடிப் பெற்ற உரிமை. முதலீட்டாளர் பணத்தைச் சுருட்டித் தண்டனை பெற்ற நிதி நிறுவனக்காரர், அலட்சியம் நிரூபணமாகித் திரும்பத் திரும்ப நஷ்டஈடு கட்டிய மருத்துவமனை, இவர்களுக்கு மறக்கப்படும் உரிமை கேட்டால் நானே எதிர்த்து வாதாடுவேன். அவர்களிடம் போகிறவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் அது. விடுதலையானவர், வழக்கு ரத்தானவர், விசாரணையிலேயே புகார் பொய் என்று முடிந்தவர், இந்த மூவருக்கும்தான் நான் முதலில் கேட்கிறேன்.

மருத்துவர்கள் நிறைய வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு ஒன்று. மருத்துவ அலட்சியத்துக்கு எப்போது குற்ற வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005 ஆகஸ்டில் வகுத்த விதிதான் உங்களைக் கைதிலிருந்து காக்கிறது. நோயாளி இறந்ததற்காகப் பஞ்சாபில் ஒரு மருத்துவர் மேல் போட்ட வழக்கில் வந்த தீர்ப்பு அது. அவர் மேலிருந்த குற்ற வழக்கு ரத்தானது. ஆனால் அந்த விதிக்கு அவர் பெயரே பெயராகிவிட்டது. இந்த நாட்டில் அலட்சியம் என்று எழுதும் ஒவ்வொரு வக்கீலும் அடுத்த வரியில் அவர் பெயரை எழுதுகிறார். அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் புது வழக்குகளுக்காவது பதிவகம் தலைப்பிலேயே சுருக்கெழுத்துப் போடலாம். ஜாமீன் உத்தரவுகளைத் தேடுபொறி படிக்காத வடிவில் வெளியிடலாம். அந்த உத்தரவின் மேலே, இது குற்றம் பற்றிய முடிவல்ல என்று ஒரு வரி சேர்க்கலாம். அதற்கு நாடாளுமன்றம் வேண்டாம், உயர் நீதிமன்றத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.

தண்டனை பெற்றுத் திருந்தியவரைப் பற்றி நான் இதுவரை பேசவில்லை. சிறார் என்றால் 2015இன் சிறார் நீதிச் சட்டம் 24ஆம் பிரிவில் பதிவை அழிக்கவே வழி செய்கிறது. பிரிட்டனில் 1974 முதல், குறிப்பிட்ட காலம் கடந்தால் சிறிய தண்டனைகளைச் சொல்ல வேண்டாம் என்று சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் பெரியவர்களுக்கு அப்படிப் பொதுச்சட்டம் இல்லை. ஆனால் 1958இன் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. முதல்முறை தவறு செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடும் சட்டம். அதன் 12ஆம் பிரிவு, அப்படி விடப்பட்டவருக்கு அந்தத் தண்டனையோடு வரும் தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்கிறது. சட்டம் தகுதி உண்டு என்கிறது, கூகுளின் முதல் பக்கம் இல்லை என்கிறது. இந்த முரண்பாட்டை எடுத்துக்கொண்டு, 12ஆம் பிரிவையும் 2017இன் அந்தரங்க உரிமைத் தீர்ப்பையும் சேர்த்து வைத்துப் பெயரை மறைக்கக் கேட்கும் மனுவை ஒரு நல்ல கட்சிக்காரருக்காக எழுதிப் பாருங்கள் என்று முன்வரிசையில் இருக்கும் சட்டக் கல்லூரி மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வரைவைக் கொண்டுவந்தால் நான் திருத்தித் தருகிறேன், அதற்குக் கட்டணம் கிடையாது.